பெறுநர் ஆச்சரியப்பட்டாரா?

மாலை ஆறு பத்துக்கு வாசல் மணி இரண்டு முறை அடித்தது. அவசர அவசரமாக, அடுத்தடுத்து, குட்டியாய் இரண்டு. அடுப்படியில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்த லிஃப்ட் மெக்கானிக் கத்தியை வைத்துவிட்டு, "இதோ வந்துட்டேன்" என்று குரல் கொடுத்துக்கொண்டே நடையில் பாதி தூரம் வந்துவிட்டார். அதற்கப்புறம்தான் உறைத்தது. ஆறு பத்துக்கு இரண்டு முறை மணி அடிக்கிற ஆள் செத்துப்போய் ஐந்து வாரம் ஆகிறது.

அவர் மனைவி செருப்புக் கடையில் வேலை பார்த்தவள். வீட்டுச் சாவி பைக்குள் இருக்கும், இரண்டு கையிலும் சாமான் இருக்கும். முழங்கையால் மணியை இரண்டு இடி இடிப்பாள். பதினெட்டு வருடமாக ஆறு பத்து என்றால் அந்த வீட்டில் அந்தச் சத்தம்தான். மெக்கானிக் நடையிலேயே நின்றார். மணி மறுபடியும் அடித்தது, அதே மாதிரி இரண்டு.

கதவைத் திறந்தார். வெள்ளைக் கையுறை போட்ட ஒருவர் நெஞ்சு உயரத்துக்கு ஒரு லில்லிக் கொத்தை ஏந்திக்கொண்டு நின்றார்.

"பெறுநர் நீங்கதானே சார்?"

"என்னது?"

"பூங்கொத்து. அனுப்புநர், உங்க மனைவி." கையுறைக்காரர் குரலைத் தாழ்த்தி, நல்ல சேதி சொல்கிற தோரணையில் சொன்னார்.

மெக்கானிக் வாயைத் திறந்தார். வார்த்தைக்குப் பதில் தும்மல் வந்தது. பூ என்றால் அவருக்கு ஆகாது. பக்கத்து வீட்டில் ஜாடித் தண்ணீரை மாற்றினால் இவருக்கு இங்கே மூக்கு ஒழுகும். வரிசையாக நாலு தும்மல். ஒவ்வொரு தும்மலுக்குப் பிறகும் ஒரு நொடி நிறுத்தினார். அது பழக்கதோஷம். அவர் தும்மினால் வீட்டில் எந்த மூலையில் இருந்தாலும் அவள் "நூறு" என்பாள். நூறு ஆயுசு என்று முழுதாகச் சொல்ல அவளுக்குப் பொறுமை கிடையாது. இவர் தும்முகிற வேகத்துக்கு அது கட்டுப்படியும் ஆகாது. சண்டை போட்டுப் பேசாமல் இருந்த நாட்களில்கூட அந்த "நூறு" மட்டும் எங்கிருந்தாவது வந்துவிடும். இப்போது வரவில்லை.

"சார், ஆச்சரியப்படணும்" என்றார் கையுறைக்காரர். கையில் ஒரு படிவம் முளைத்திருந்தது. "பெறுநர் ஆச்சரியப்பட்டாரா, ஆம், இல்லைன்னு ஒரு கட்டம் இருக்கு. அஞ்சு நொடிக்குள்ள பட்டுடணும்."

"என் பொண்டாட்டி செத்து அஞ்சு வாரம் ஆகுதுய்யா!"

கையுறைக்காரர் நியாயமாக யோசித்தார். "அப்ப ஆச்சரியம் இன்னும் அதிகமால்ல சார் இருக்கணும்?"

மெக்கானிக் மறுபடி தும்மினார். கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் கொட்டியது. அதைப் பார்த்துத் திருப்தியடைந்த கையுறைக்காரர் 'ஆம்' கட்டத்தில் டிக் அடித்து, ஓரத்தில் 'கண்ணீருடன்' என்று எழுதிக்கொண்டு, பூங்கொத்தை அவர் கையில் திணித்துவிட்டுப் பின்பக்கமாகவே நடந்து படியிறங்கினார். பூக் கொடுத்த வீட்டுக்கு முதுகைக் காட்டக் கூடாது என்று விதி.

கொத்தில் ஓர் அச்சடித்த அட்டை இருந்தது. 'செய்தி எண் 14: உங்களையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.' கீழே அனுப்புநர் என்ற இடத்தில் மனைவியின் பெயர், முகவரி என்ற இடத்தில் இதே வீடு. அச்சடித்த வரிதான், ஆயிரம் பேருக்குப் போகிற வரிதான். இருந்தாலும் மெக்கானிக் அன்றிலிருந்து நடை விளக்கை அணைக்கவில்லை.

மலர் மரியாதைத் துறையைப் பற்றி இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும். முன்னொரு காலத்தில் யார் வேண்டுமானாலும் கடையில் பூ வாங்கி யாருக்கு வேண்டுமானாலும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள், பெரிய பதவிக்காரர் ஒருவருக்கு வந்த பூங்கொத்தை அவர் வீட்டம்மாள் குப்பைத் தொட்டியில் போட்டதை, அனுப்பிய ஆளே தெருவில் நின்று பார்த்துவிட்டார். அந்த அவமானத்தை விசாரிக்க ஒரு குழு போட்டார்கள். குழு உட்கார ஓர் அறை, அறையைச் சுற்றி ஒரு கட்டடம், கட்டடத்தைச் சும்மா விட முடியாமல் ஒரு துறை என்று வளர்ந்து, இப்போது யாரும் யாருக்கும் கையால் பூக் கொடுக்க முடியாது. துறைதான் கொடுக்கும். வாங்கினவர் ஏழு நாளில் நன்றி அட்டை அனுப்ப வேண்டும். நன்றி கிடைத்தது என்று அனுப்பினவர் துறைக்கு ஒப்புதல் தர வேண்டும். அந்த ஒப்புதல் வரும்வரை பூ வாடினாலும் அழுகினாலும் தூக்கிப் போடக் கூடாது. இந்த ஏற்பாட்டால் ஊரில் நாகரிகம் வளர்ந்திருப்பதாகத் துறையின் ஆண்டறிக்கை சொல்கிறது. பூக் கொடுக்கிற பழக்கம் முக்கால்வாசி குறைந்துபோனதையும் அதே அறிக்கை, வேறொரு பக்கத்தில், சாதனையாகவே சொல்கிறது.

அடுத்த மாதம் அதே தேதியில், ஆறு பத்துக்கு, இரண்டு குட்டி மணி. மெக்கானிக் இந்த முறை எழுந்திருக்கக் கூடாது என்று நினைத்திருந்தார். ஆனால் "வந்துட்டேன்" என்று வாய் சொல்லிவிட்டது, காலும் எழுந்துவிட்டது. மூன்றாம் மாதமும் அப்படியே.

மச்சினி கேள்விப்பட்டு ஓடி வந்தாள். அவள் ஒரு பல் மருத்துவரிடம் உதவியாளராக இருக்கிறாள், எதையும் பிடுங்கினால்தான் தீரும் என்கிற கட்சி. வரிசையாக வாடிக்கிடந்த மூன்று கொத்தையும் பார்த்துவிட்டு இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள்.

"ஏன் அத்தான், அக்கா உயிரோட இருந்தப்ப உங்களுக்கு ஒரு இலை குடுத்திருப்பாளா? பூ ஆகாதுன்னு அவளுக்குத் தெரியாதா? இது அவ வேலையே இல்ல. ஏதோ தப்பு நடந்திருக்கு. தூக்கித் தூரப் போடுங்க."

"போட்டா அபராதம்மா."

"போட்டுட்டு வாடிப்போச்சுன்னு சொல்லுங்க."

"வாடினதையும் காட்டணுமாம்."

காட்டத்தான் வேண்டியிருந்தது. மறு வாரமே மரியாதை ஆய்வாளர் வந்தார். ஒல்லியான, மெத்தென்று நடக்கிற ஆள். வாசலில் இன்னும் எடுத்து வைக்காமல் கிடந்த மனைவியின் செருப்பை மிதித்துவிடாமல் சுற்றிக்கொண்டு உள்ளே வந்தார். பையிலிருந்து அளவு நாடாவை எடுத்துப் பூ ஜாடி தரையிலிருந்து எத்தனை உயரம், பெறுநரின் கண் எத்தனை உயரம் என்று அளந்தார். குளியலறையைத் திறந்ததும் அப்படியே நின்றுவிட்டார். மூக்கடைப்பு தாங்காமல் மெக்கானிக் மூன்றாவது கொத்தை அங்கே வாளியில் போட்டு வைத்திருந்தார்.

"குளியலறையில வைக்கலாமா சார்? பூ இருக்கிற இடத்துல அனுப்புநர் இருக்கறதா ஐதீகம். விதி இருபத்திரண்டு. அவங்க முன்னாடியா நீங்க குளிப்பீங்க?"

"அவ என் பொண்டாட்டிங்க."

ஆய்வாளர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். "கணவன் மனைவிக்குத் தனி விதி இல்லை." பிறகு ரொம்பவும் தன்மையாக, "மூணு கொத்து வந்தாச்சு, ஒரு நன்றி அட்டைகூட அம்மாவுக்குப் போகலை. அவங்க மனசு என்ன பாடுபடும்னு யோசிச்சீங்களா?" என்றார்.

அவள் மனசு என்ன பாடுபடும் என்பதை மெக்கானிக் யோசிக்காத நாள் இல்லை. ஆனால் அதை இன்னொருவர் வந்து படிவம் வைத்துக்கொண்டு கேட்பார் என்று எதிர்பார்க்கவில்லை. ஆய்வாளர் போகும்போது கதவில் ஒரு மஞ்சள் தாளை ஒட்டிவிட்டுப் போனார். அதில் 'நன்றி தவறியவர்' என்று எழுதியிருந்தது. மாடிப்படியில் ஏறி இறங்குகிறவர்கள் எல்லாம் நின்று படித்தார்கள்.

ஐந்தாம் மாதக் கொத்து வந்த மறுநாள் மெக்கானிக் லீவு போட்டுவிட்டு, இறப்புச் சான்றிதழைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துக்கொண்டு துறை அலுவலகத்துக்குப் போனார். பூவை நிறுத்த வேண்டும், மஞ்சள் தாளைக் கிழிக்க வேண்டும், அவ்வளவுதான் அவர் எண்ணம். கவுன்டர்காரர் சான்றிதழை இரண்டு பக்கமும் பார்த்தார்.

"இது அவங்க இறந்ததுக்குச் சான்று. அனுப்பறதை நிறுத்தினதுக்குச் சான்று இல்லையே?"

"செத்தவ எப்படிங்க அனுப்புவா?"

"அதான் மாசா மாசம் வருதே!"

இயக்குநரைப் பார்க்க அனுப்பினார்கள். இயக்குநரின் அறையில் பூவே இல்லை, எல்லாம் துணியில் செய்தது. அவர் எழுந்து நின்று வரவேற்று, உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, பதினைந்து நிமிடம் பேசினார்.

"பாருங்க, பூ ஒரு பொருள் இல்லை. அது ஒரு நடத்தை. நாங்க பூ கொடுக்கறதில்ல, நடத்தையைத்தான் கொடுக்கறோம். இறந்துபோனது ஒரு காரணமான்னு நீங்க யோசிக்கணும். நான் வெளிப்படையா சொல்றேன், இந்தத் துறைக்கு மிகச் சிறந்த வாடிக்கையாளர்கள் யாருன்னா இறந்தவங்கதான். உயிரோட இருக்கறவங்க மாத்தி மாத்திப் பேசுவாங்க. பூ நிறம் சரியில்லைன்னு சொல்வாங்க, லேட்டுன்னு சண்டைக்கு வருவாங்க. இறந்தவங்ககிட்டேருந்து எனக்கு இதுவரைக்கும் ஒரு புகார் வந்ததில்லை. எல்லாருமே அவங்க மாதிரி இருந்துட்டா இந்தத் துறை எங்கேயோ போயிடும்."

"எனக்குப் பூவே வேண்டாம் சார். நிறுத்திடுங்க."

"நிறுத்தலாம். நீங்க நிறுத்தச் சொன்னதா பதிஞ்சுட்டு நிறுத்திடலாம். ஆனா பன்னிரண்டாவது கொத்தோட வர்ற அட்டை உங்களுக்குக் கிடைக்காது."

"எந்த அட்டை?"

இயக்குநர் கோப்பைத் திறந்தார். பதினொரு கொத்துக்கும் அச்சடித்த அட்டை. பன்னிரண்டாவதுக்கு மட்டும் 'அனுப்புநர் கைப்பட எழுதியது, ஒன்று.' மெக்கானிக் கோப்பின் மேல் குனிந்தார். ஆஸ்பத்திரியில் கடைசி இருபது நாள் அவள் வாயில் குழாய், பேச்சே இல்லை. அதற்கு முன்னால் பேசியதெல்லாம் கேஸ் தீர்ந்தது, மருந்துச் சீட்டு எங்கே, நாளைக்கு எத்தனை மணிக்கு என்பதுதான். அவள் அவருக்கென்று ஒரு வரி விட்டுவிட்டுப் போகவில்லை என்பது இந்த ஐந்து மாதமாக மெக்கானிக்கை அரித்துக்கொண்டிருந்தது.

"என்ன எழுதியிருக்கா?"

இயக்குநர் பதறிப்போனார். "அட்டையை நாங்க படிக்கமாட்டோம்! அநாகரிகம் இல்லையா!" மணியடித்துக் கவுன்டர்காரரைக் கூப்பிட்டார். "இவர் மனைவி வந்தப்ப நீங்கதானே கவுன்டர்ல இருந்தீங்க? சொல்லுங்க."

கவுன்டர்காரர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். "நல்லா ஞாபகம் இருக்கு சார். முதல்ல வந்து சந்தா போட்டுட்டுப் போனாங்க. ஒரு வாரம் கழிச்சு மறுபடி வந்து ஒரு தாளை நீட்டினாங்க. உடம்பு முடியல, கவுன்டரைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நின்னாங்க. 'படிங்க, தயவுசெஞ்சு படிங்க'ன்னு கெஞ்சினாங்க. நான் படிச்சேனா? மாட்டேன்னுட்டேன்! கையால எழுதினா அது அட்டை, அட்டைன்னா பெறுநருக்குத்தான். அப்புறம் தாளைத் திருப்பி வாங்கி எதையோ எழுதிக் குடுத்தாங்க. நானே உறையில போட்டு ஒட்டி, மேல பேரை மட்டும் அவங்களையே எழுத வச்சுக் கடைசிக் கொத்துக்குச் சேர்த்துட்டேன். கையெழுத்துலகூட என் கண்ணு படலை."

"இதுக்காகவே அவருக்கு ஒரு பதக்கம் குடுத்தோம்" என்றார் இயக்குநர்.

யாரோ முகம் தெரியாத ஓர் ஆளிடம் நின்று படியுங்கள் படியுங்கள் என்று கெஞ்சுகிற அளவுக்கு அவள் என்ன எழுதியிருப்பாள்? மெக்கானிக் அந்த அட்டை தனக்கு வேண்டும் என்றார். மரியாதை தவறாத பெறுநருக்குத்தான் கையெழுத்து அட்டை தர முடியும், ஐந்து கொத்துக்கும் நன்றி சொல்லி அனுப்புநரிடம் ஒப்புதல் வாங்கி வாருங்கள் என்றார்கள். மறுபடி எழுந்து நின்று வழியனுப்பி வைத்தார்கள்.

வெளியே வந்தால் லிஃப்ட் நின்றுபோயிருந்தது. உள்ளே யாரோ கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். அலுவலகத்தில் நாலைந்து பேர் சுற்றி நின்று, மாட்டிக்கொண்டவருக்குத் தட்டுகிற முறை தெரியவில்லை என்று பேசிக்கொண்டிருந்தார்கள். மெக்கானிக்குக் கை சும்மா இருக்குமா? மொட்டைமாடி இயந்திர அறைக்கு ஏறி, பிரேக்கைத் தளர்த்தி, கைச்சக்கரத்தைச் சுற்றி லிஃப்டை அடியறை வரைக்கும் இறக்கினார். பிறகு படியிறங்கிப் போய்க் கதவைத் திறந்துவிட்டார். கதவுப் பூட்டுக்குள் காய்ந்த இதழ் ஒன்று மாட்டியிருந்தது.

உள்ளேயிருந்து வெயில் காலத்தில் ஸ்வெட்டர் போட்ட ஒரு பெண்மணி வெளியே வந்தார். பூ வைக்கிற குளிரறையின் காப்பாளர். அவர் நன்றி சொல்லிவிட்டு, "உள்ள வாங்க, மூச்சு வாங்குது உங்களுக்கு" என்று ஓர் இரும்புக் கதவைத் தள்ளினார்.

கண்ணுக்கு எட்டின தூரம் வரை அலமாரி. தரையிலிருந்து கூரை வரை பூங்கொத்து, எல்லாம் பழுப்பு நிறம். ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு. பெறுநர் நன்றி சொல்லாதது, பெறுநர் செத்துப்போனது, அனுப்புநர் செத்துப்போனது, இரண்டு பேருமே போய்விட்டது என்று தனித்தனி வரிசை. ஒன்றையும் தூக்கிப் போட அதிகாரம் கிடையாது. எல்லாம் சேர்ந்து மெதுவாகச் சரசரத்துக்கொண்டிருந்தன. ஒரே நேரத்தில் நிறையப் பேர் ஏதோ சொல்ல ஆரம்பித்து நிறுத்துவதுபோல இருந்தது. மெக்கானிக் தும்மினார். தும்மிவிட்டு நின்று கேட்டார்.

"ஃபேன் காத்துதான், பயப்படாதீங்க" என்றார் காப்பாளர். "முதல் ரெண்டு வருஷம் நானும் பயந்தேன். அப்புறம் பதில் சொல்ல ஆரம்பிச்சுட்டேன்."

மெக்கானிக் தன் கதையைச் சொன்னார். காப்பாளர் உள்ளே போய் ஓர் உறையை எடுத்து வந்து, தன் கையை விட்டு விடாமல் காட்டினார். உறைமேல் மெக்கானிக்கின் பெயர், பக்கத்தில் 9 என்று ஒரு எண். அவர் அங்கேயே ஒரு மரப்பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார். அவள் யார் பெயரை எழுதினாலும் பக்கத்தில் செருப்பு அளவையும் சேர்த்து எழுதிவிடுவாள். கல்யாணப் பத்திரிகையில்கூட அப்படி எழுதி மானத்தை வாங்கியிருக்கிறாள்.

"குடுத்துடுங்கம்மா. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"குடுத்தா என் வேலை போயிடும். ஆனா ஒரு வழி சொல்றேன். அனுப்புநர் முகவரி உங்க வீடுதானே? நன்றி அட்டையை உங்க வீட்டுலேருந்து உங்க வீட்டுக்கே அனுப்புங்க. ஆய்வாளர் நேர்ல கொண்டுவந்து குடுப்பாரு. அனுப்புநர் இருக்காங்கன்னு அவர் எழுதிட்டா வேலை முடிஞ்சுது."

"அவதான் இல்லையே!"

"இல்லைன்னு நீங்க சொல்லாத வரைக்கும் யாரு சொல்லப் போறா?"

மெக்கானிக் வீட்டுக்கு வந்து ஐந்து நன்றி அட்டையும் எழுதிப் போட்டார். ஆய்வாளருக்கு ஏகப்பட்ட வீடு. முறை வர ஆறு மாதம் ஆயிற்று. அதற்குள் கொத்து பதினொன்றாகி, அட்டையும் பதினொன்றாகிவிட்டது. வீடு முழுக்கக் காய்ந்த பூவும் அழுகின தண்டும் நிறைந்து, அதன் வாடை திரைச்சீலையில் ஏறி, துணியில் ஏறி, சாப்பாட்டில் ஏறியது. ராத்திரி பகல் இல்லாமல் தும்மினார். அவள் போன புதிதில் இந்த வீடு வெறிச்சென்று இருந்தது. இப்போது யாரோ இருக்கிற மாதிரி இருந்தது, ஆனால் அது அவள் இல்லை.

மச்சினிக்கு விஷயத்தைச் சொன்னபோது அவள் கத்தினாள். "அக்கா வீட்டுல இருக்கான்னு சொல்லப் போறீங்களா? உங்க வாயால?"

"அவ எழுதினது வேணும்மா எனக்கு."

"அதுக்காகப் பொய்யா?"

"வேற வழி இருந்தா சொல்லு."

ஆய்வாளர் வருவதாகச் சொன்ன நாளில் அவளும் வந்து அடுப்படி வாசலில் நின்றுகொண்டாள்.

ஆய்வாளர் தட்டில் பதினொரு அட்டையோடு வந்தார். செருப்பை மிதிக்காமல் சுற்றி வந்தார். "அம்மா இருக்காங்களா?"

ஒரு வருடமாகப் பார்க்கிறவரிடமெல்லாம் அவள் செத்துவிட்டாள், செத்துவிட்டாள் என்று சொல்லிச் சொல்லியே மெக்கானிக்கின் வாய் பழகியிருந்தது. இப்போது மாற்றிச் சொல்ல வேண்டும்.

"இருக்கா."

"கூப்பிடுங்க. உட்கார நாற்காலி போடுங்க."

மெக்கானிக் ஒரு நாற்காலியை நடுக்கூடத்தில் கொண்டுவந்து போட்டார். ஆய்வாளர் வெறும் நாற்காலியைப் பார்த்தார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. நாற்காலியை ஃபேன் காற்று படுகிற பக்கமாகக் கொஞ்சம் நகர்த்தினார். பிறகு குனிந்து கும்பிட்டார்.

"வணக்கம்மா. நீங்க அன்போட அனுப்பின முதல் பூங்கொத்துக்கு உங்க கணவர் நன்றி தெரிவிச்சிருக்கார். ஏத்துக்கறீங்களா?"

அனுப்புநர் பதில் சொல்ல விதிப்படி நாற்பது நொடி தர வேண்டும். ஆய்வாளர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஃப்ரிட்ஜ் உறுமி அடங்கியது. சுவருக்கு அப்பால் லிஃப்ட் ஏறிப் போகிற சத்தம் கேட்டது. நாற்பது நொடி முடிந்ததும் ஆய்வாளர் எழுதினார்: 'பதில்: மௌனம். ஏற்கப்பட்டது.'

"வணக்கம்மா. இரண்டாவது பூங்கொத்துக்கு..."

முதல் மூன்று அட்டைக்கும் மெக்கானிக் தரையைப் பார்த்துக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். நாலாவதில் நாற்காலியைப் பார்த்தார். ஆறாவதில் மூச்சை அடக்கிக்கொண்டு, காதைக் கூர்மையாக்கிக்கொண்டு, அந்த நாற்பது நொடியும் நிஜமாகவே காத்திருந்தார். கேட்டுவிடும் என்று தோன்றியது. இன்னும் கொஞ்சம் அமைதியாக இருந்தால், இந்த ஃப்ரிட்ஜ் மட்டும் நின்றால், கேட்டுவிடும். ஒன்பதாவதில் அடுப்படி வாசலில் மச்சினி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தார். அவளும் நாற்காலியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினொன்றும் முடிந்தபோது மெக்கானிக்குக் கோபம்கூட வரவில்லை. முடிந்துவிட்டதே என்றுதான் இருந்தது.

"அம்மா அதிகம் பேசமாட்டாங்கபோல" என்றார் ஆய்வாளர், தட்டை எடுத்துக்கொண்டு.

"பேசுவா" என்றார் மெக்கானிக். "கடையில அவ குரல்தான் தெருமுனை வரைக்கும் கேக்கும்."

வாடின கொத்துகளை அன்றே வண்டி வைத்து அள்ளிக்கொண்டு போனார்கள். மஞ்சள் தாளைக் கிழித்தார்கள். மச்சினி வீட்டைக் கழுவிவிட்டுப் போனாள். நாற்காலி மட்டும் நடுக்கூடத்திலேயே இருந்தது. இரண்டு பேரும் அதைத் தொடவில்லை.

பன்னிரண்டாம் மாதம், அதே தேதி. மெக்கானிக் ஐந்து மணிக்கே குளித்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டு நடையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டார். ஆறு பத்துக்கு இரண்டு மணி அடித்தது. கதவுக்கு ஒரு முழ தூரத்தில் உட்கார்ந்துகொண்டு, வருகிறவர் யார் என்று நன்றாகத் தெரிந்து வைத்துக்கொண்டு, அப்போதும் அவர் வாய் "வந்துட்டேன்" என்றது. கையுறைக்காரரோடு ஆய்வாளரும் வந்திருந்தார். கையெழுத்து அட்டைக்குச் சாட்சி வேண்டுமாம்.

உறையைக் கிழித்தார். கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த ஒற்றைத் தாள். ஒரு பக்கம் நீல மை, அவள் பேனா. மெக்கானிக்குக் கண் மறைத்தது. தனியாகப் படிக்கத் தைரியம் இல்லாமல் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார். "மதிப்பிற்குரிய ஐயா..."

"ஐயையோ, நிறுத்துங்க!" ஆய்வாளர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "அட்டையைக் காதால கேக்கறதும் படிக்கற மாதிரிதான்! விதி ஒன்பது!" கையுறைக்காரரும் பூங்கொத்தை ஸ்டூல்மேல் வைத்துவிட்டுக் கையுறையோடு காதைப் பொத்திக்கொண்டார். இரண்டு பேரும் அப்படியே முதுகைக் காட்டாமல் படியிறங்கினார்கள். பாதிப் படியிலிருந்து ஆய்வாளரின் குரல் மட்டும் வந்தது. "நன்றி அட்டை ஏழு நாள் சார்!"

மெக்கானிக் கதவைச் சாத்திவிட்டு, உள்ளே போய், அந்த நாற்காலிக்கு எதிரில் தரையில் உட்கார்ந்து படித்தார்.

'மதிப்பிற்குரிய ஐயா, போன வாரம் என் கணவர் பெயருக்குப் பன்னிரண்டு மாதத்துக்குப் பூ அனுப்பச் சொல்லியிருந்தேன். தயவுசெய்து அதை ரத்து செய்துவிடவும். நான் போன பிறகு ஆறு பத்துக்கு இரண்டு முறை மணி அடித்தால், ஒரு நொடியாவது நான்தான் வந்துவிட்டேன் என்று அவர் நினைக்கட்டும் என்று ஆசைப்பட்டுச் செய்தேன். பிறகு யோசித்துப் பார்த்தேன். அந்த ஒரு நொடிக்கு அடுத்த நொடி என்று ஒன்று இருக்கிறது. அப்போது கூட இருக்க நான் இருக்கமாட்டேன். அவரை அப்படிப் படுத்த எனக்கு மனசு வரவில்லை. மேலும் அவருக்குப் பூ ஆகாது, தும்முவார். ஒரு கொத்துகூட அனுப்ப வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.'

இதைத்தான் படிங்க படிங்க என்று கெஞ்சியிருக்கிறாள். கவுன்டரைப் பிடித்துக்கொண்டு, நிற்க முடியாத உடம்போடு. மெக்கானிக்கு வயிற்றிலிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. அழுகிறோமா சிரிக்கிறோமா என்று அவருக்கே தெரியவில்லை. அந்தப் பதக்கம் அவர் கண் முன்னால் வந்து நின்றது.

தாளைத் திருப்பினார். பின்பக்கம் ஊதா மை. கவுன்டரில் நூல் கட்டித் தொங்கவிட்டிருந்த துறைப் பேனாவின் மை. எழுத்து கோணிக்கொண்டு போயிருந்தது.

'ஏங்க, இந்த ஆள் படிக்கவே மாட்டேங்கறார். யார் படிக்கறாங்களோ இல்லையோ, உங்க கைக்கு மட்டும் வருமாம். அப்ப பூவும் வந்துக்கிட்டேதான் இருக்கும்போல. என்னை மன்னிச்சுடுங்க. பன்னிரண்டு தடவை வரும், தும்மித் தொலைப்பீங்க, பக்கத்துல சொல்ல ஆள் இருக்காது. அதனால இப்பவே எல்லாத்தையும் சேர்த்து எழுதி வச்சுடறேன்.'

கீழே ஒன்றன்கீழ் ஒன்றாக நூறு, நூறு, நூறு என்று எழுதியிருந்தது. எண்ணினார். சரியாகப் பன்னிரண்டு. கடைசி மூன்றில் மை சரியாகப் படவில்லை. பேனாவை அழுத்த அவளுக்குத் தெம்பு இல்லை.

நடையில் ஸ்டூல்மேல் இருந்த பன்னிரண்டாவது கொத்தின் வாடை மெதுவாகக் கூடத்துக்குள் வந்தது. மெக்கானிக்கின் மூக்கு துடித்தது. கூரை அதிர ஒரு தும்மல். தும்மிவிட்டு, வழக்கம்போல ஒரு நொடி நிறுத்தினார். பிறகு தாளைத் தூக்கி முதல் வரியில் விரலை வைத்துப் படித்தார்.

நூறு.

உடனே அடுத்த தும்மல் கிளம்பியது. அவர் அவசரமாக மூக்கை இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்து, கண்ணில் தண்ணீர் வழிய வழிய, அதை அப்படியே உள்ளே அடக்கினார். மிச்சம் பதினொன்றுதான் இருந்தது.